நீ வந்து சேராத சனிக்கிழமை

அளவு பார்க்கும் கருவிகளை வைத்திருக்கிற கேஜ் ரூமின் கீழ் டிராயரை இன்று திறந்தேன். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெயின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மெழுகுத்தாளில் சுற்றிய பதினோராம் நம்பர் பிளக் கேஜ் அங்கேயேதான் கிடக்கிறது. இந்த மேசை உன்னுடையது. ஐந்து வருடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கிராப் ஆனதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு என்று சொல்கிறேன். பொய் இல்லை. காட்டத்தான் செய்கிறேன்.

இன்று அதை எடுத்ததற்குக் காரணம் கோபம். காலையில் கம்பெனி பஸ்ஸில் உன் பேச்சு வந்தது. உன் பழைய சபையைச் சேர்ந்த ஒரு பெண் இப்போது பேக்கிங்கில் வேலை செய்கிறாள். நல்ல பெண்தான். பின் சீட்டில் யாரிடமோ உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவள், உச்சுக்கொட்டி, "பாவம் அந்த சிஸ்டர், இரட்சிக்கப்படாமலே போயிட்டாங்க" என்றாள். ரேஷன் கார்டு வாங்காமலே ஊரைவிட்டுப் போய்விட்டாய் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. எழுந்து திரும்பி நின்று பேசினேன். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். அவளிடம் சொன்னது பாதிதான். மீதியை உன்னிடம் சொல்ல வேண்டும்.

உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே மாதத்தில். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி, ஸ்வெட்டர் என்ற ஒன்றையே ஓசூருக்கு வந்துதான் வாங்கினேன். நீ ராயக்கோட்டைப் பக்கம். குளிர் உனக்குப் பழக்கம். ஒரே அறையை வாடகைக்கு எடுத்து, முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பூசைக்குக் கிளம்பியபோது நீயும் எழுந்து துப்பட்டாவைத் தேடினாய். "நீயும் ஆர்.சி.யா? சொல்லவே இல்ல?" என்றேன். "நீ கேக்கவே இல்லியே" என்றாய். அன்று முதல் நமக்கு எல்லாவற்றிலும் போட்டி. சாம்பாரில் வெல்லம் போடலாமா என்பதிலிருந்து தேவதூதர்களான சம்மனசுகள் எத்தனை வகை என்பது வரைக்கும் மல்லுக்கு நின்றோம்.

நான் எப்போதும் தாமதம். நீ முன்னால் ஓடிப் போய் பஸ்ஸில் ஏறி, பக்கத்து சீட்டில் உன் டிபன் பையை வைத்துவிட்டு, யார் வந்து கேட்டாலும் "ஆள் வராங்க" என்பாய். எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாளில்கூடப் பழக்க தோஷத்தில் பையை வைத்துவிட்டாய். அடுத்த ஸ்டாப்பில்தான் நான் வரமாட்டேன் என்பது உனக்கு நினைவுக்கு வந்ததாம். ஆனாலும் விடவில்லை. ஃபாக்டரி வாசல் வரைக்கும் "ஆள் வராங்க" என்றே சொல்லிக்கொண்டு போனாயாம். மூன்று பேர் நின்றுகொண்டே வந்தார்கள் என்று மறுநாள் என்னிடம் புகார் சொன்னார்கள். "சொன்னது சொன்னதுதான்" என்றாய் நீ, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நீ சபைக்குப் போக ஆரம்பித்தது இரண்டாம் வருடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டயர் கடை, அதற்கு மேல் மாடியில் ஹால். பிளாஸ்டிக் நாற்காலி, கீபோர்டு, கைத்தட்டல். அசெம்பிளி லைனில் வேலை செய்கிற யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு வாரத்தில் நீ வேறு ஆளாகத் திரும்பி வந்தாய். அதை இன்றும் மறுக்கமாட்டேன். இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தவள் குறட்டைவிட்டுத் தூங்கினாய். பாடிக்கொண்டே துணி துவைத்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது என்றுகூடச் சொல்லிவிடுகிறேன்.

"இரட்சிப்பு ஒருதரம் கெடச்சா கெடச்சதுதான்டி. அப்புறம் அது போகவே போகாது. என்னை அவர் கையில இருந்து யாராலயும் புடுங்க முடியாது" என்றாய்.

"யாராலயும் புடுங்க முடியாது, ஒத்துக்கறேன். நீயே எறங்கி ஓடுனா?"

"ஓட மாட்டேன்."

"ஓடுனா?"

"விடமாட்டார்டி அவர்."

"அப்ப நீ புள்ளையா, கட்டிப்போட்ட ஆடா?"

சிரித்துவிட்டாய். பதிலுக்கு என் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டாய். மாதம் ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்க நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதைப் பார்த்து, "மறுபடியும் தொலைச்சிட்டியா? போ, போய் வாங்கிட்டு வா" என்பாய். எனக்குக் கோபம் வரும். அற்பப் பாவத்தால் எதுவும் தொலைவதில்லை, ஆத்துமாவைக் கொல்லும் சாவான பாவத்தால்தான் தேவ இஷ்டப்பிரசாதம் என்கிற அருள் போகும், போனாலும் திரும்பக் கிடைக்கும் என்று உபதேசப் புத்தகத்தை ஒப்பிப்பேன். ஒருநாள் உன் தொழிலைக் கொண்டே உன்னை மடக்கப் பார்த்தேன். "ஒருதரம் ஓகே ஆன கேஜை எதுக்கு ஆறு மாசத்துக்கு ஒருதரம் செக் பண்ற? ஒருதரம் ஓகேன்னா எப்பவும் ஓகேதான?" என்றேன். நீ பல்விளக்கிக்கொண்டிருந்தாய். வாயில் நுரையோடு, "நான் கேஜ் இல்லடி, மனுஷி" என்றாய். அன்று மூக்குடைந்தது எனக்குத்தான்.

உனக்கு அந்த உறுதி எதற்குத் தேவைப்பட்டது என்பதை நீயாகச் சொன்ன அன்றைக்குப் பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன். உன் அப்பா குடித்துவிட்டு வயலில் விழுந்து இறந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. கடைசி மன்னிப்புக் கொடுக்கச் சாமியார் வருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே உன் அத்தை, நீ பக்கத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே, "சாவான பாவத்தோட போயிட்டான்" என்றாளாம். அந்த ஒரு வாக்கியத்தோடு நீ பதினைந்து வருடம் படுத்து எழுந்திருக்கிறாய். போகவே போகாது என்று ஒருவர் மைக்கில் சொன்னதும் நீ ஏன் அழுதாய் என்பது எனக்குப் புரிந்தது. உன் அத்தை சொன்னது எங்கள் மதத்தின் வார்த்தை இல்லை, அவளுடைய வாயின் வார்த்தை என்று அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்று அந்தத் தெளிவு இல்லை.

பிறகு அந்த ஆடிட் வந்தது. சுனாமி வந்த வருடம், அதற்குச் சில மாதம் முன்னால்.

துளையின் அளவைப் பார்க்கிற அந்த எஃகு உருளையை நினைத்துக்கொண்டால் இன்றும் என் விரல் சில்லிடுகிறது. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் வேலை. ஆயிரக்கணக்கான துளைகளில் நுழைந்து நுழைந்து பதினோராம் நம்பரின் முனை தேய்ந்துவிட்டது. தேய்ந்த கேஜ் சின்னத் துளைக்குள்ளும் நுழைந்துவிடும், கெட்ட பீஸையும் நல்லது என்று சொல்லிவிடும். சோதித்துப் பார்த்த நீ அதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் லைன் நிற்கும். மாற்று கேஜ் வர ஒரு வாரம் ஆகும். மறுநாள் ஆடிட். லைன் நின்றால் கேஜ் ரூம் பொறுப்பாளரான உன்னைத்தான் எல்லோர் முன்னாலும் நிற்கவைப்பார்கள். நீ உபயோகத்தில் இல்லாத பதினேழாம் நம்பரிலிருந்து 'ஓகே' ஸ்டிக்கரை உரித்தெடுத்துத் தேய்ந்ததன்மேல் ஒட்டினாய்.

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. கேக் வெட்டினார்கள். மூன்றாவது வாரம் அந்த லாட் முழுக்கத் திரும்பி வந்தது. ஷாஃப்ட் உள்ளே போகவில்லை.

அந்த கேஜைக் கையில் வைத்துக்கொண்டு பீஸ் பீஸாகப் பார்த்தவர் லட்சுமம்மா. பாகலூரிலிருந்து வருகிற காண்டிராக்ட் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நம்மிடம் மூன்றையும் கலந்த ஒரு தமிழ். பெட்டிகளில் கட்டிய ஒவ்வொரு டேக்கிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். "ஒவ்வொண்ணும் போட்டுப் பாத்தேன் சார், தேவுடு மேல ஆணை" என்று அவர் கேட்டுக்கு வெளியே நின்று மதியம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கேஜ் ரூமை விட்டு வெளியே வரவில்லை. அன்றே பதினோராம் நம்பரை எடுத்து உன் டிராயரின் அடியில் ஒளித்துவிட்டாய்.

ஸ்டிக்கரில் பதினேழு என்றும் எஃகில் வெட்டிய எழுத்தில் பதினொன்று என்றும் இருந்ததை ஒரு வாரம் கழித்து நான் பார்த்தேன். வேறு எதையோ தேடி உன் டிராயரைத் திறந்தேன். சாயங்காலம் அறையில் டீ போட்டுக்கொண்டே கேட்டேன். நீ மறுக்கவில்லை.

"போய்ச் சொல்லு" என்றேன்.

"சொன்னா வேலை போயிடும்."

"லட்சுமம்மாவுக்குப் போயிடுச்சே."

"நான் ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் எப்பவோ மன்னிச்சிட்டார். நான் நாளைக்கு செய்யப்போற பாவத்தையும் சேத்து சிலுவையிலயே முடிச்சிட்டார்."

"அவர் மன்னிச்சிட்டார். லட்சுமம்மா மன்னிச்சிட்டாங்களா?"

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "நான் பிள்ளைடி. பிள்ளை தப்பு செஞ்சா பிள்ளை இல்லைன்னு ஆயிடாது" என்றாய். அது நல்ல பதில். இன்று யோசித்தால் அதில் பாதி எங்கள் பதிலும்தான். ஆனால் அன்று எனக்கு உன் அமைதி பொறுக்கவில்லை. "நீ இழந்துட்டடி. எல்லாத்தையும் இழந்துட்ட" என்று கத்தினேன்.

உன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அத்தை சொன்னதை அப்படியே நானும் சொல்லிவிட்டேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். நானும் போய் மேனேஜரிடம் சொல்லவில்லை. அது உன் பாவம், நீதான் சொல்ல வேண்டும் என்று நியாயம் பேசிக்கொண்டு, தெரிந்தே லட்சுமம்மாவை வெளியில் நிற்கவிட்டேன். உன்னைத் தீர்ப்பிட்டவளின் யோக்கியதை அது.

மூன்று மாதம் ஒரே அறையில் தனித்தனியாகச் சமைத்தோம். நீ களி கிண்டினாய், நான் சோறு வடித்தேன். பஸ்ஸில் மட்டும் உன் பை எனக்காக சீட்டில் இருந்தது. பேசாமல் உட்கார்ந்து பேசாமல் இறங்குவோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் நீ சபையிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாய். சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கி, ஸ்டிக்கர் மாற்றியதிலிருந்து லட்சுமம்மா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். வேலை கிடைத்தது, காய்ச்சல் போனது என்று சாட்சி கேட்டுப் பழகியவர்களுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லையாம். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டாராம். கடுமையாகக்கூடப் பேசவில்லை, கனிவாகத்தான் சொன்னாராம்.

"என்ன சொன்னார்?" என்று மூன்று மாதத்தில் முதல்முறையாக உன்னிடம் பேசினேன்.

"மெய்யா இரட்சிக்கப்பட்டவங்களுக்கு அது போகாதாம். இப்படி செஞ்சிட்டு மூணு மாசம் மறைச்சு வெச்சிருந்தேன்னா, எனக்கு அது கெடைக்கவே இல்லையாம். இன்னிக்கு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம்." உன் குரல் தட்டையாக இருந்தது. "அப்ப அந்த ரெண்டு வருஷம் என்னடி? நான் அழுதது, பாடுனது, பயமில்லாம தூங்குனது? ஒண்ணுமே இல்லையாம்டி. இல்லவே இல்லையாம்."

நான் ஜெயித்திருக்க வேண்டிய நேரம் அது. பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம், உனக்காக. உன்னிடமிருந்து ஒருவர் நாளையை எடுத்துக்கொள்ளவில்லை, நேற்றையே எடுத்துக்கொண்டுவிட்டார்.

"பொய்" என்றேன். "கெடச்சது நெஜம். உங்க ஊர்க் கோவில்ல ஞானஸ்நானத் தொட்டித் தண்ணியில கெடச்சது நெஜம். டயர் கடை மாடியில நீ அழுதியே, அதுவும் நெஜம்தான். நீ தொலைச்ச, அதுவும் நெஜம். தொலைச்சதுன்னா அது உன்னோடதா இருந்துச்சுன்னு அர்த்தம்டி. இல்லாதத யாரு தொலைக்க முடியும்?"

"திரும்ப வருமா?"

"பதினோராம் நம்பர் தேஞ்சு போச்சு. ஸ்டிக்கரும் பொய். ஆனா எஃகுல வெட்டுன நம்பர் அழிஞ்சுதா?" ஞானஸ்நானத்தின் முத்திரை எந்தப் பாவத்தாலும் அழியாது என்று சின்ன வயதில் படித்ததைத்தான் அப்படிச் சொன்னேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டாய்.

"நான் கேஜ் இல்லடி" என்றாய். பிறகு சிரித்தாய். "சரி, இன்னிக்கு மட்டும் கேஜ்னு வெச்சுக்க."

அன்று சேர்ந்து சமைத்தோம். நீதான் வரிசை போட்டாய். முதலில் லட்சுமம்மா, அடுத்து மேனேஜர், அதற்கடுத்து சனிக்கிழமை என்னோடு கோவிலுக்கு. "ஃபாதர்கிட்ட மொதல்ல போயிடலாமே" என்றேன். "அவங்க கேட்டு வெளியில நிக்கறப்ப நான் உள்ள இருந்தேன். மொதல்ல அவங்க மூஞ்சியப் பாக்கணும். பயந்துகிட்டு போகல. மனசு தாங்கல, அதனால போறேன்" என்றாய். நீ சொன்ன இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை நான் ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். பின்னால் அவை தேவைப்பட்டன.

புதன்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பாகலூருக்கு பஸ் ஏறினாய். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ. எதிரில் லாரி. சாலையிலேயே முடிந்துவிட்டது. வெளிச்சம்கூடப் போகாத சாயங்காலம்.

உன் கைப்பையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே மெழுகுத்தாளில் சுற்றி பதினோராம் நம்பர் இருந்தது. ஸ்டிக்கரை உரித்திருந்தாய்.

உன்னை அடக்கம் செய்வதற்குள் நான் பட்ட பாட்டை நீ கேட்க வேண்டும். சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், ஒரு பாட்டுப் பாடினார்கள், உன் அம்மாவின் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கோவிலில் நம் பெண்கள், "பிரிஞ்சு போனவதான? பாவசங்கீர்த்தனமும் செய்யல. கல்லறையில எப்படி?" என்று முணுமுணுத்தார்கள். அங்கே கிடைக்கவே இல்லை, இங்கே போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே கதவைத்தான் சாத்தினார்கள். உன் அம்மா மட்டும், "ஊருக்குக் கொண்டுபோக வேணாம். அவ அப்பன பேசுன வாயெல்லாம் இவளையும் பேசும். இங்கயே வெச்சிடுங்க" என்றார்.

நான் பங்குச்சாமியாரிடம் போய் நின்றேன். கெஞ்சவில்லை. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எங்கே போனாள்? எதற்காகப் போனாள்? சனிக்கிழமை வருகிறேன் என்றாளா? நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "பயந்துகிட்டு போகல, மனசு தாங்கல" என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உத்தம மனஸ்தாபம்னு படிச்சிருப்பியேம்மா. பயத்துல வர்ற வருத்தம் இல்ல, அன்புல வர்றது. பாவசங்கீர்த்தனம் செய்யணும்ங்கற தீர்மானமும் அதோட சேந்து இருந்தா, ஆண்டவர் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க மாட்டார்" என்றார். "அவ மனசுல அது இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. வேற யாருக்கும் கிடையாது. குழி வெட்டச் சொல்லு."

லட்சுமம்மா அடக்கத்துக்கு வந்திருந்தார். வாசலிலேயே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தேன். உன்னைத் திட்டியதைச் சொல்லித்தான் முதலில் அழுதார்.

"எந்துக்கு வச்சாவு, எதுக்கு இங்க வந்தன்னு கேட்டேன் மேடம். வாயில வந்ததெல்லாம் திட்டினேன். அது ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. கீழ உக்காந்துடுச்சு. அப்புறம் நான்தான் தண்ணி குடுத்தேன். நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து கம்பெனிக்குப் போலாம்னு சொன்னேன். சரின்னுச்சு. பஸ்ஸுக்கு நேரமாகும்னு ஆட்டோவுல ஏத்திவிட்டதும் நான்தான் மேடம்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் லட்சுமம்மாவும் நானும் சேர்ந்து போனோம். கேஜை மேனேஜர் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இறந்துபோனவங்கம்மா. இப்ப எதுக்கு அவங்க பேரை இழுக்கணும்? இந்தம்மாவ வேற லைன்ல சேத்துக்கலாம், இதோட விட்டுடுங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். "விடமாட்டேன் சார்" என்றேன். "அவ இதைச் சொல்றதுக்குத்தான் எடுத்து வெச்சிருந்தா. அவ பேர்லயே எழுதுங்க. லட்சுமம்மா பேர்ல இருக்கறத அடிச்சிட்டு எழுதுங்க." ஒருவருக்காக இன்னொருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். மேனேஜரிடம் சொல்லலாம். எழுதினார்கள். எனக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன். லட்சுமம்மா அதே லைனில், அதே இடத்தில், இப்போதும் இருக்கிறார். உன் பெயர் ஃபாக்டரி முழுக்கக் கெட்டது. செத்தவளைக் காட்டிக்கொடுத்தாள் என்று என் பெயரும் கெட்டது. இரண்டும் கெட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

இத்தனையும் தெரிந்த என்னிடம், ஐந்து வருடம் கழித்து, பஸ்ஸில் ஒருத்தி உச்சுக்கொட்டினால் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று அவளிடம் சொன்னேன்: "கெடைக்கலைன்னு சொல்லாத. அவளுக்குக் கெடச்சுது. தொலைச்சா. தேடிக்கிட்டு பாகலூர் வரைக்கும் போனா. நீயும் நானும் எங்கம்மா போயிருக்கோம்?" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு எனக்கே பாவமாக இருந்தது. இறங்கும்போது தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

உன்னிடமும் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. நாம் போட்ட சண்டையில் என் பக்கம்தான் சரி. இழக்க முடியும். நீ இழந்தாய் என்றே நினைக்கிறேன். நானும் இழந்தேன், வாய்மூடி இருந்த அந்த மூன்று மாதத்தில். நாளைக்கு மறுபடியும் இழக்கலாம். அது எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பயத்தை எவருடைய உறுதிச்சீட்டுக்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன். இழக்க முடிகிற ஒன்றைத்தான் திருப்பித் தருகிறார்கள். நான் தோற்றது வேறு இடத்தில். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாயே, அதில் சம்மதம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அளக்க என் கேஜ் ரூமில் ஒன்றும் இல்லை. செய்தது தப்பு என்பதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நீ இழந்துவிட்டாய் என்று கத்த எனக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சாமியாரிடம் எப்போதோ கேட்டாகிவிட்டது. நான் உன் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் பார்.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் இறந்தவர்களின் பெயர் எழுதுகிற நோட்டு வரும். உன் பெயரையும், அதற்குக் கீழே உன் அப்பாவின் பெயரையும் எழுதுகிறேன். முதல் வருடம் ஒரு அக்கா, "அது நம்ம ஆளுங்க நோட்டும்மா" என்றார். "தெரியும்கா, அதனாலதான் எழுதறேன்" என்றேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமையும் விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து டிபன் பையோடு நேராகக் கோவிலுக்குப் போய்விடுகிறேன். பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருக்கிற பெஞ்சில் ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டும். போன வாரம் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் எனக்குப் பின்னால் இருந்தாள். எனக்கு முன்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் என் பை இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

"முன்னாடி நகருங்கக்கா. எடம் காலியாத்தான இருக்கு?"

நான் பையை எடுக்கவில்லை.

"காலியா இல்லம்மா" என்றேன். "ஆள் வராங்க."